ரிப்பன் மாளிகையில் ஒரு வானொலி நிலையம் இருந்தது: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், துணை மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் கூடிப் பேசுகிற அதே ரிப்பன் மாளிகையிலிருந்து ஒரு காலத்தில் பாட்டு ஒலிபரப்பானது. 1930 ஏப்ரல் 1 அன்று தொடங்கி 1938 ஜூன் நடுப்பகுதி வரைக்கும், எட்டு வருடத்துக்கும் மேலாக, சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒரு வானொலி நிலையம் நடத்தியது. ஆகாசவாணி என்று நாம் இன்று சொல்லும் நிலையம் சென்னைக்கு வருவதற்கு முன்பே இது நடந்தது. சாலை போட்ட மாநகராட்சி, குப்பை அள்ளிய மாநகராட்சி, தெருவிளக்கு ஏற்றிய மாநகராட்சி, கூடவே கச்சேரியும் கேட்க வைத்தது.

இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் "அப்படியா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் ராயபுரத்தில் பிறந்தவன். அப்பா ரேடியோ மெக்கானிக். தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் ரேடியோ என்ற பேச்சு அப்பாவின் கடையிலிருந்து தொடங்கியதில்லை; தாத்தாவிடமிருந்துதான் தொடங்கும். வேலை முடிந்து வரும் வழியில் ராபின்சன் பூங்காவில் நின்று கேட்பாராம். அதை அவர் 'கார்ப்பரேசன் ரேடியோ' என்றுதான் கடைசிவரை சொன்னார். பூங்கா வாசலில் வேர்க்கடலை வறுக்கிறவர் ஒருவர் இருந்தாராம். கூப்பிட்டு விற்காமல், கரண்டியால் சட்டி விளிம்பில் டங் டங்கென்று தட்டித்தான் ஆள் சேர்ப்பார். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஆரம்பித்தால் அந்தக் கரண்டி நின்றுவிடும். "கடலை கருகினாலும் கருகும், அவன் தட்ட மாட்டான்" என்பார் தாத்தா. அப்புறம் ஒன்று சொல்வார், அதை நான் மறந்ததே இல்லை: "நான் எந்த சபாவிலயும் காலெடுத்து வெச்சதில்லடா. ஆனா கச்சேரி நெறைய கேட்டிருக்கேன்."

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாமன்றத்தில் இது பதிவாக வேண்டும் என்பது என் ஆசை.

1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஓர் அமைப்பு உருவானது. முன்னின்று நடத்தியவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் வைத்திருந்த ஒலிபரப்புக் கருவியின் சக்தி 40 வாட். நம் வீடுகளில் இருந்த பழைய நாலடி ட்யூப்லைட் ஒன்று இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். அவ்வளவு சிறிய சக்தியை வைத்துக்கொண்டு ஒரு நகரத்துக்குப் பாட்டும் சொற்பொழிவும் அனுப்பினார்கள். பின்னால் அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். அதுவும் இன்றைக்கு நாம் சட்னி அரைக்கும் மிக்ஸி எடுக்கும் சக்தியில் பாதிகூட இல்லை.

அப்போது இந்தியாவில் முறையான ஒலிபரப்பு நிறுவனம் எதுவும் கிடையாது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தன் நிலையத்தைத் திறந்தது 1927 ஜூலையில், கல்கத்தாவில் ஆகஸ்டில். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சென்னையில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து கைக்காசைப் போட்டு இதைச் செய்துகொண்டிருந்தார்கள். கைக்காசு எத்தனை நாள் தாங்கும்? 1927 அக்டோபரில் பணமில்லாமல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது.

இங்கேதான் உங்கள் மாமன்றம் வருகிறது. கிளப் தன்னிடமிருந்த ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டது. வாங்கியதை மாநகராட்சி கிடங்கில் போட்டிருக்கலாம். அப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்கும் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் 1930 ஏப்ரல் 1 அன்று ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. மேயர் என்ற பதவியே அப்போது இந்த மாநகராட்சியில் இல்லை, தலைவர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இருந்து மறைந்த அந்தப் பதவி திரும்ப வந்தது 1933இல். இன்றைய மேயர் பதவியைவிட ரேடியோ மூத்தது.

அந்த ஏப்ரல் 1க்கு இன்னொரு பக்கமும் உண்டு. பம்பாய், கல்கத்தா நிலையங்களை நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1930 மார்ச்சில் மூடும் நிலைக்குப் போனது. சரியாக ஏப்ரல் 1 அன்றுதான் அந்த இரண்டு நிலையங்களையும் பிரிட்டிஷ் இந்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் அங்கே நொடித்துப்போன ஒரு கம்பெனியை அரசு தாங்கிப் பிடிக்கிறது. இங்கே ஒரு நகராட்சி யாரும் சொல்லாமலே புதிதாக ஒன்றைத் தொடங்குகிறது.

அந்தக் கம்பெனி ஏன் நொடித்தது என்று பார்த்தால், உங்கள் முன்னோர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். கம்பெனியின் வருமானம் ரேடியோ பெட்டி வைத்திருப்பவர்கள் கட்டும் உரிமக் கட்டணத்தை நம்பி இருந்தது. வருடத்துக்குப் பத்து ரூபாய். அன்றைக்குப் பத்து ரூபாய் என்றால் சும்மாவா? பெட்டியின் விலை தனி. மின்சாரம் எல்லார் வீட்டிலும் கிடையாது. பேட்டரி வேண்டும், மாடியில் ஏரியல் கம்பி கட்ட வேண்டும். இத்தனையும் முடிந்தவர்கள் நாடு முழுவதிலும் சில ஆயிரம் பேர்தான். அந்தச் சில ஆயிரம் பேரை வைத்து இரண்டு பெரிய நகரங்களின் நிலையங்களை ஓட்ட முடியவில்லை.

சென்னை மாநகராட்சி வேறு வழியில் யோசித்தது. பெட்டி வாங்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கிலிருந்து அது தொடங்கவில்லை. ஜனங்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்தது. மெரினாவில் கூடுகிறார்கள், அங்கே ஒலிபெருக்கி. ஹைகோர்ட் கடற்கரையில் காற்று வாங்குகிறார்கள், அங்கே ஒன்று. பீப்பிள்ஸ் பார்க்கில் ஒன்று. ராயபுரத்தில் ராபின்சன் பூங்காவில் ஒன்று. வீட்டுக்கு வீடு குழாய் போட முடியாத தெருவில் பொதுக்குழாய் வைப்பதில்லையா, அந்த மாதிரி.

எனக்கு இந்த மடலில் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான். பாட்டையும் பேச்சையும் தண்ணீர், வெளிச்சம் போல நகரவாசிக்குச் சேர வேண்டிய ஒன்றாக ஒரு நகராட்சி 1930இலேயே நினைத்திருக்கிறது. காசு இருக்கிறவருக்கு மட்டும் என்று அது வைக்கவில்லை. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியிருந்தது. சபாக்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கும் பழக்கம் வேரூன்றி வந்த காலம் அது. அதே ஆண்டுகளில்தான் டிக்கெட் இல்லாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், மூட்டை தூக்கின தோளோடு நின்று கேட்பதற்கு ஓர் இடத்தை இந்த மாநகராட்சி செய்து கொடுத்தது.

பீப்பிள்ஸ் பார்க் என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், இப்போது நேரு விளையாட்டரங்கம் இருக்கும் பக்கமெல்லாம் சேர்ந்த பெரிய பூங்கா அது. மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் இருந்தது, 1985இல் வண்டலூருக்குப் போகும்வரை. பழைய சென்னைவாசிகள் அதை 'உயிர்க் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. வெளியூரிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்க்க ஆசைப்படும் இடங்கள் இவை இரண்டும். அப்படி வந்த ஒரு குடியானவர், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஒலிபெருக்கியிலிருந்து மனிதக் குரல் வருவதை அந்தப் பூங்காவில் நின்று கேட்டிருப்பார். ஊருக்குப் போய் அவர் புலியைப் பற்றிச் சொன்னாரா, ரேடியோவைப் பற்றிச் சொன்னாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ராபின்சன் பூங்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். இன்றைக்கு அறிஞர் அண்ணா பூங்கா. வடசென்னைத் தொழிலாளிகள் மாலையில் அங்கே வந்து நின்று ஒரு குரலுக்குக் காது கொடுக்கும் பழக்கம் அந்த மழைக்கு வெகுநாள் முன்பே இருந்தது என்று தாத்தா சொல்வார். அவர் இரண்டுக்கும் அந்தப் பூங்காவில் நின்றவர்.

மாநகராட்சிப் பள்ளிகளிலும் பெட்டிகள் வைத்தார்கள். பிள்ளைகளுக்கென்று பாட்டு, கதை என்று தனி நிகழ்ச்சிகள் போனது. வானொலி மூலம் பள்ளிப் பாடம் என்பதைப் புதுமை என்று நாம் பிற்காலத்தில் பேசினோம். கொரோனா காலத்தில் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சேர்ப்பது என்று திண்டாடினோம். இந்த ஊரின் மாநகராட்சிப் பள்ளியில் அது 1930களிலேயே ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் எங்கேயாவது முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா? ஒலிபரப்பு வரலாற்றைச் சொல்லும் நூல்களில் இந்த எட்டு ஆண்டுகள் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. பம்பாய், கல்கத்தா, அப்புறம் 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர், 1938இல் சென்னை நிலையம் என்று கதை ஓடிவிடுகிறது. நடுவில் ஒரு நகராட்சி செய்தது அடிக்குறிப்பாகிவிட்டது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டி.கே. பட்டம்மாள் தம் பத்தாவது வயதில் சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆண்டு 1929 என்று போடுகிறார்கள். அவர் பிறந்தது 1919 மார்ச்சில். வயதுக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் மாநகராட்சியின் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1930 ஏப்ரல் 1 அன்று. கிளப்போ 1927இலேயே நிறுத்திவிட்டது. அப்படியானால் அந்தச் சிறுமி பாடியது சோதனை ஒலிபரப்பிலா? அல்லது ஆண்டு ஒன்று தவறிவிட்டதா? கர்நாடக இசையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று முதன்முதலில் காற்றில் ஏறிய நாள் இது. இதைத் தீர்த்துவைக்கக்கூடிய காகிதம் உலகத்தில் ஓர் இடத்தில் இருக்குமானால், அது உங்கள் மாமன்றத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளில்தான். கருவியை ஏற்றுக்கொண்ட தீர்மானம், செலவுக்கு ஒதுக்கிய தொகை, பாடகர்களுக்குக் கொடுத்த சன்மானம், எந்தப் பூங்காவில் எந்தத் தேதியில் ஒலிபெருக்கி வைத்தார்கள் என்ற விவரம் எல்லாம் அப்படிப்பட்ட குறிப்புகளில்தான் ஏறும்.

காகிதம் காத்திருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய நூலகத்தில் 1930களின் தமிழ்ப் பத்திரிகைத் தொகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எடுத்துக் கொடுத்தவர் "மெதுவா, மெதுவா" என்றார். மெதுவாகத்தான் திருப்பினேன். பக்கத்தின் ஓரம் அப்பளம் மாதிரி உடைந்து மேசையில் விழுந்தது. விழுந்த துண்டில் பாதி வார்த்தை இருந்தது. அதைத் திரும்பப் பக்கத்துக்குள் வைத்து மூடினேன். அதற்குமேல் புரட்ட மனசு வரவில்லை. கேட்டதைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனிதர்களும் அப்படித்தான். 1938இல் எட்டு வயதில் மாநகராட்சிப் பள்ளியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கேட்ட பிள்ளை 1930இல் பிறந்திருக்கும். அவர்களில் இன்றைக்கு நம்மோடு இருப்பவர்கள் வெகு சிலர். என் தாத்தா போய்விட்டார், அவரிடம் நான் சரியாகக் கேட்டு எழுதி வைக்கவில்லை. கடலைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல் சாலையில் திறக்கப்பட்டது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்து வைத்தார். முதலமைச்சர் ராஜாஜி பேசினார். திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாதஸ்வரம், பட்டம்மாளின் கச்சேரி என்று அமர்க்களமான தொடக்கம். அடுத்த ஆண்டே 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் வந்தது. பெரிய நிலையம் வந்ததும் மாநகராட்சியின் சிறு நிலையத்துக்கு வேலை இல்லாமல் போனது. அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புது நிலையம் திறந்த அன்றைக்குச் சென்னைக்காரனுக்கு ரேடியோ கேட்பது புதிதில்லை. எட்டு வருடம் பூங்காவில் நின்று பழகியிருந்தான். எந்தப் பாட்டு வந்தால் கூட்டம் நிற்கும், எது வந்தால் கலையும் என்று பாடுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் ஓரளவு பிடிபட்டிருக்கும். அந்த நிலத்தை உழுது வைத்தது மாநகராட்சி.

பூங்கா ரேடியோ என்ற பழக்கம் அதோடு அழியவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டின் நகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் ஒரு சின்ன ரேடியோ அறையும், கம்பத்தில் ஒரு கூம்பும் இருந்தன. என் வயதுக்காரர்கள் பலரும் அந்தப் புல்தரையில் உட்கார்ந்து செய்தி கேட்டு வளர்ந்தவர்கள். அறைக்குப் பூட்டு இருக்கும். சாயங்காலம் நகராட்சி ஊழியர் சைக்கிளில் வந்து இறங்கி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறப்பார். உள்ளே போய் ஒரு குமிழைத் திருகுவார். கூம்பு முதலில் கரகரக்கும். வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் பூங்காவே காத்திருக்கும்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

2030 ஏப்ரல் 1 அன்று மாநகராட்சி வானொலிக்கு நூறு வயது. ரேடியோ கிளப்பின் நூறாவது ஆண்டு 2024இல் பெரிய சத்தமில்லாமல் போய்விட்டது. இதையும் அப்படி விட்டுவிடாதீர்கள். விழாவுக்குப் பந்தல் போடுவதைவிட முதலில் செய்ய வேண்டியது ஆவணம். 1924க்கும் 1938க்கும் இடைப்பட்ட மாமன்ற நடவடிக்கைகளில் வானொலியைப் பற்றி வரும் பக்கங்கள் அத்தனையையும் தேடி எடுத்து, ஒளிநகல் செய்து, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுங்கள். தேடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் வரலாற்றுத் துறை மாணவர்கள் இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், மேசையும் மின்விசிறியும் போதும்.

அதே நேரத்தில் முதியவர்களைத் தேடிப் போக வேண்டும். மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள் தெருத்தெருவாக வீடு ஏறிப் போகிறார்கள். தொண்ணூறு வயது தாண்டியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். "பார்க்கில் ரேடியோ கேட்டிருக்கிறீர்களா, தாத்தா?" என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்று சொல்பவரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். குரலைப் பதிவு செய்யும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்புறம் ரிப்பன் மாளிகையில் ஒரு பலகை. மெரினாவிலும், ஹைகோர்ட் கடற்கரைப் பக்கமும், ராயபுரம் அண்ணா பூங்காவிலும், பீப்பிள்ஸ் பார்க்கில் மிஞ்சியிருக்கும் இடத்திலும் ஒவ்வொன்று. தமிழில், பெரிய எழுத்தில். கிருஷ்ணசாமி செட்டியின் பெயர் அதில் இருக்க வேண்டும். இந்த ஊரில் அவர் பெயரை ஒலிபரப்போடு சேர்த்துச் சொல்ல ஓர் இடமாவது வேண்டாமா?

பூங்காக்களில் மறுபடி ஒலிபெருக்கி கட்டச் சொல்லவில்லை. சென்னையில் சத்தத்துக்குக் குறைவில்லை, பூங்காவுக்கு வருகிறவர்கள் அமைதிக்காகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்த ஏப்ரல் 1 அன்று மட்டும், ஒரே ஒரு மாலை, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவதும் கதை சொல்வதும் ரிப்பன் மாளிகையிலிருந்து அந்த நாலு இடங்களிலும் ஒலிக்கட்டும். பாட வரும் பிள்ளைக்குப் பத்து வயது இருந்தால் இன்னும் நல்லது.

மாளிகையில் ஒரு சின்ன அறையை இதற்கென்று ஒதுக்குவீர்களானால், அங்கே வைக்க என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. அப்பா கடைசிவரை விற்காமல் வைத்திருந்த வால்வு ரேடியோ. மரப்பெட்டியில் கீறல் இல்லை. முள்ளை நகர்த்தும் டயல் கயிறு மட்டும் அறுந்திருக்கிறது. அதை நானே மாற்றிக்கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்து ரேடியோ மெக்கானிக்கின் மகன்